அவர் விட்டுக்கொடுக்கவில்லை

கடைசிச் சுற்றில் யார் யாரோடு விளையாட வேண்டும் என்று எழுதிய தாளை மண்டபத்துக் கதவில் ஒட்டியபோது நான் வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மதியப் பார்சலில் இருந்த பருப்பின் மஞ்சள் விரலை விட்டுப் போகாமல் அடம்பிடித்தது. முதலில் எனக்குக் கேட்டது சிரிப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தால் கதவருகே ஒரு கூட்டம். நடுவில் என் கணவர். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இங்க வா," என்று கையைக் காட்டினார். "கடைசி ரவுண்டு நீயும் நானும்தான்."

நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. நடுவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். என் கணவர் சிங்களத்திலேயே பதில் சொன்னார்: "ட்ரோ போட்டுக்குவோம் சார், பிரச்சினை இல்ல. பத்து நிமிஷத்துல முடிச்சிடுறோம்." நடுவர் அவர் தோளில் தட்டினார். இன்னொருவர், "அப்போ இன்னிக்கு ராத்திரி வீட்டுல சமாதானம்," என்றார். மறுபடியும் சிரிப்பு.

யாரும் என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் எந்தப் பக்கம் உட்காருவது என்று ஆண்கள் முடிவுசெய்வதைப் போல அது முடிவாகிவிட்டது.

கேகாலையில் ஒரு பெரிய பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு நாள் நடந்த போட்டி அது. வயது வித்தியாசம், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் யாரும் சேரலாம். முதல் மூன்று இடங்களுக்குக் கோப்பை, முதல் பத்துப் பேருக்குள் வந்தால் பதக்கம். கடைசிச் சுற்றுக்கு முன்னால் அவரும் நானும் ஒரே புள்ளியில் இருந்தோம். ட்ரோ செய்தால், அதாவது சமநிலையில் முடித்தால், இருவருக்கும் பதக்கம் நிச்சயம். விளையாடினால் ஜெயிப்பவருக்குக் கோப்பை கிடைக்கலாம், தோற்பவருக்கு ஒன்றும் இல்லை. அவர் கணக்கு அதுதான். கெட்ட கணக்கு என்று நான் சொல்லமாட்டேன். பார்சல் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சொல்றே, ட்ரோ போடுவமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நாங்கள் இருவரும் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியை. அவர் யட்டியாந்தோட்டை பஜாரில் ஃபோன் கடை வைத்திருக்கிறார். ஃபோனுக்குக் காசு ஏற்றும் ரீலோட் போடுவார், உடைந்த திரை மாற்றுவார், பழைய ஃபோன் வாங்கி விற்பார். கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். அதுதான் வீடு.

செஸ் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே இருவரிடமும் இருந்தது. அவர் ஃபோனில் விளையாடிப் பழகினார். நான் கல்வியியற் கல்லூரி விடுதியில், வரக்காப்பொலவிலிருந்து வந்த என் அறைத்தோழியோடு மழை நாட்களில் விளையாடிப் பழகினேன். பெண் பார்க்க வந்த அன்று மற்ற மாப்பிள்ளைகள் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. "நீங்க செஸ் விளையாடுவீங்களாமே?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். என்னிடம் ஒன்றைக் கேட்கத் தெரிந்த மனுஷன் என்று நினைத்தேன்.

வீட்டில் எங்கள் ஆட்டம் எல்லாம் கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல்தான். அவர் ஜெயித்தால் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் ஜெயித்தால், "நடுவுல கஸ்டமர் வந்துட்டாங்க, கவனம் போச்சு," என்பார். எனக்கும்தான் நடுவில் கஸ்டமர் வந்தார்கள். நான்தான் பாதி நேரம் எழுந்துபோய் ரீலோட் போட்டேன். அப்போதெல்லாம் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சிரித்துக்கொண்டு காய்களை அள்ளிப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

சிசிலியன் டிஃபென்ஸ் என்ற தொடக்க ஆட்டத்தில் டிராகன் என்று ஒரு வகை இருக்கிறது. கறுப்புக் காய் வைத்திருப்பவர் ஆடுவது. வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளினால், கறுப்பு அதற்கு நேரே போய் நிற்பதில்லை. ராணிப் பக்கத்துப் பிஷப்புக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளிச் சண்டையைத் திருப்பிவிடும். பிறகு வழக்கமாக நடப்பது இதுதான்: வெள்ளை ராஜா ஒரு மூலைக்குப் போகும், கறுப்பு ராஜா மறு மூலைக்குப் போகும், இரண்டு பக்கமும் எதிராளியின் ராஜாவை நோக்கி ஓடும். யார் ஒரு அடி முன்னால் போய்ச் சேர்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். பாதுகாப்பாக உட்கார்ந்து யோசிக்க அதில் இடமே கிடையாது. என் கணவர் அதற்கு, "பைத்தியக்காரங்க ஆட்டம்," என்று பெயர் வைத்திருந்தார். நான் ஃபோனில் முகம் தெரியாத ஆட்களோடு அதைத்தான் விளையாடுவேன். கடைப் பெட்டி மேல் விளையாட முடியாது. ரீலோட் போட எழுந்துபோய் வந்து உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இல்லை அது.

மேசையில் உட்கார்ந்தோம். அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. கை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. கொடுத்தோம். அவர் என் கையைப் பிடித்து ஒரு சிறு அழுத்து அழுத்தினார். சீக்கிரம் முடித்துவிட்டுப் போவோம் என்று அர்த்தம். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் பிஷப்பின் சிப்பாயைத் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாறு நகர்த்தல் போன பிறகு, "ட்ரோ," என்றார் மெதுவாக.

நான் என் பிஷப்பை மூலைச் சாய்வில் வைத்து அது பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்க்கும்படி செய்தேன். டிராகன் ஆட்டத்தின் உயிர் அந்தப் பிஷப்தான்.

"ஏய், ட்ரோன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு."

"அப்போ என்ன?"

"விளையாடுங்க."

விளையாடினார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சம் இருந்தது. நான் கொஞ்ச நேரம் பிகு பண்ணிவிட்டுச் சரி சொல்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இரண்டு நகர்த்தல் கழித்து மறுபடியும் கேட்டார். அதற்கு அடுத்த நகர்த்தலிலும் கேட்டார். மூன்றாம் தடவை சத்தமாகவே கேட்டார். பக்கத்து மேசையில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

திரும்பத் திரும்ப ட்ரோ கேட்டு எதிராளியைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று விதி இருக்கிறது. நான் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டேன். நல்ல சிங்களத்தில், நிதானமாக, "இவர் மூணு தடவை ட்ரோ கேட்டுட்டார். நான் பதில் சொல்லாம விளையாடிட்டு இருக்கேன். இது தொந்தரவு," என்றேன்.

நடுவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கெதர ப்ரஷ்ணயக் நே," என்றார். வீட்டுப் பிரச்சினைதானே இது, என்று.

"இது வீடு இல்ல சார்," என்றேன். "வேற ரெண்டு பேர் உக்காந்திருந்தா இப்படித்தான் சொல்லுவீங்களா?"

அவருக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. என் கணவரைப் பார்த்து, இனிமேல் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். எச்சரிக்கைகூட இல்லை அது. வகுப்பில் சத்தம் போடும் செல்லப் பிள்ளையை அதட்டுவது போல ஒன்று.

அதற்குப் பிறகு என் கணவர் சிரிக்கவில்லை. காதெல்லாம் சிவந்துவிட்டது. அவருக்கும் கோபம் வந்துவிட்டது என்று தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் ராஜாவை ராணிப் பக்கத்து மூலைக்குக் கொண்டுபோனார். என் ராஜா ஏற்கெனவே மற்ற மூலையில் இருந்தது. அவர் என் ராஜாவுக்கு எதிரே இருந்த ஓரத்துச் சிப்பாயைத் தள்ள ஆரம்பித்தார். ஒரு கட்டம், இன்னொரு கட்டம். பின்னால் யானை, அதற்குத் துணையாக ராணி. அவர் கெட்டிக்காரர். அதை நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு அவர் விளையாடியதைப் போல அவர் விளையாடி நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு நகர்த்தலும் என்னை அறைய வருவது போல இருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மண்டபத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. முடித்தவர்கள் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். பத்து நிமிடத்தில் முடியும் என்று சொன்ன ஆட்டம் அல்லவா, அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களில் அரநாயக்கவிலிருந்து வந்திருந்த ஒரு நர்ஸ் அம்மாவும் இருந்தார். இரண்டாம் சுற்றில் நான் அவரைத் தோற்கடித்திருந்தேன்.

என் கணவரின் ராஜாவுக்கு முன்னால் ஒரு குதிரை காவலுக்கு நின்றது. அந்தக் குதிரையை என் யானையால் அடித்தேன். யானை குதிரையைவிடப் பெரிய காய். அதைக் கொடுத்துக் குதிரையை எடுப்பது நஷ்டம். ஆனால் அவர் என் யானையை எடுக்க வேண்டுமானால் தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயால்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் வேலி பிய்ந்துவிடும்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். எடுத்தார்.

நான் ராணியை அந்தப் பக்கம் இறக்கினேன். மூலைச் சாய்வில் நின்ற பிஷப்புக்கும் இப்போது வழி கிடைத்திருந்தது. அவர் தன் ராணியை என் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த நகர்த்தலில் எனக்கு மேட். சுற்றி நின்றவர்கள் பலகையை எட்டிப் பார்த்தார்கள். அந்த அளவு கோபத்தோடு இருந்தால் கண் மறைத்துவிடும் என்பார்கள். எனக்கு மாறாக இருந்தது. பலகையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. என் குதிரையை எடுத்து அவர் யானைக்கும் ராணிக்கும் நடுவில், அந்த ஓர வரிசையில் வைத்து வழியை அடைத்தேன். அந்தக் குதிரையை விரட்ட அவருக்கு ஒரு நகர்த்தல் வேண்டும். எனக்கு வேண்டியதும் அந்த ஒரு நகர்த்தல்தான்.

அவர் விரட்டினார். நான் செக் வைத்தேன். ராஜா மூலைக்கு ஓடியது. இன்னொரு செக். அவருடைய ராணியும் யானையும் பலகையின் மறு பக்கத்தில், என் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. உதவிக்கு வர வழியில்லை.

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தோற்றதை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார். தாளில் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். நான் பிடிப்பதற்குள் எடுத்துக்கொண்டார்.

நர்ஸ் அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "நியமாய்!" என்றார். பிரமாதம் என்று. அன்றைக்கு அந்த மண்டபத்தில் என் ஆட்டத்துக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

மற்றவர்கள் என் கணவரிடம் போனார்கள்.

நான் காய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது. "மஹத்தயா தீலா நே!" ஐயா கொடுத்துட்டீங்கதானே, என்று ஒருவர். "நல்ல மனுஷன்யா, பொண்டாட்டிக்குக் கோப்பைய வாங்கிக் குடுத்துட்டாரு," என்று தமிழில் இன்னொருவர். அவர் கேகாலை டவுனில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். நம்முடைய ஆள். நடுவரும் வந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜெயித்தவள் நான், கையைக் குலுக்கியது அவருடையதை.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்து ஒரு மாதிரிச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெருந்தன்மைக்காரன் பாராட்டை ஏற்றுக்கொள்ளக் கூச்சப்படுவானே, அந்தச் சிரிப்பு.

ட்ரோ விஷயத்தில் எனக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைக் கேட்காமல் முடிவுசெய்ததுகூடப் பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். இது திருட்டு. என் கண் முன்னாலேயே, என் கையிலிருந்து.

பரிசளிப்பு இன்னும் மோசமாக இருந்தது. எனக்கு மூன்றாம் இடம். பிரதம விருந்தினராக வந்தவருக்குச் செஸ்ஸில் எந்தக் காய் எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் யாரோ அவர் காதில் இந்தக் கதையைப் போட்டுவிட்டார்கள். மைக்கில் சொன்னார்: "இன்றைக்கு ஒரு கணவர் தன் ராணிக்காக ராஜாவையே விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் நாடு நன்றாக இருக்கும்." மண்டபம் முழுவதும் கைதட்டியது. முதல் இடம் வந்த பல்கலைக்கழக மாணவனுக்குக்கூட அந்தக் கைதட்டல் கிடைக்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். கோப்பையை வாங்கினேன். இறங்கிப் போக வேண்டியவள், அறிவிப்பாளரின் பக்கம் திரும்பி மைக்குக்குக் கை நீட்டினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து அவர் கொடுத்துவிட்டார்.

"யாரும் எதையும் விட்டுக்கொடுக்கல," என்றேன் சிங்களத்தில். "அவர் ஜெயிக்கத்தான் விளையாடினார். நானும் ஜெயிக்கத்தான் விளையாடினேன். சந்தேகம் இருந்தா அவர்கிட்டயே கேளுங்க. அங்கதான் உக்காந்திருக்கார்."

என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே அன்னியமாகக் கேட்டது. சில பேர் நெளிந்தார்கள். அறிவிப்பாளர் நிலைமையைச் சமாளிக்க நினைத்தாரோ என்னவோ, மைக்கை வாங்கிக்கொண்டு இறங்கிப் போய் மூன்றாம் வரிசையில் இருந்த என் கணவரின் வாய்க்கு நேரே நீட்டினார். "சொல்லுங்க மஹத்தயா, உண்மையா?"

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் கோப்பையோடு மேடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை போதும். தோத்துட்டேன் என்று சொல்ல எந்த மொழியிலும் அவருக்கு வார்த்தை தெரியும்.

"கெதர கிஹின் பத் கன்ன ஓன நே," என்றார். வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடணும்ல.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிரதம விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கரவனெல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். பின்னால் இரண்டு பேர் சீட் கிடைத்தது. மழை விட்டிருந்தது. வழி நெடுக ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் ஜன்னல் பக்கம். கோப்பை என் மடியில். பஸ் டவுனைத் தாண்டியது.

"சும்மா ஜோக்குக்குச் சொன்னது," என்றார் அவர்.

நான் கோப்பையை மடியில் திருப்பி வைத்தேன்.

"எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. மைக்க வேற நீட்டிட்டான். வேற என்ன சொல்ல?"

"தோத்துட்டேன்னு சொல்லலாம்ல?"

"அதான் எல்லாருக்கும் தெரியுமே. ரிசல்ட் போட்டுட்டாங்களே."

"யாருக்கும் தெரியல. நீங்க குடுத்தீங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியும். நீங்களும் சிரிச்சுக்கிட்டு நின்னீங்க."

"ரொம்பப் பெருசு பண்றே நீ."

அப்போது என் குரல் தானாக உயர்ந்துவிட்டது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரிந்தால் தெரியட்டும் என்று இருந்தது.

"நான் ஒண்ணு கேக்குறேன். இன்னிக்கு நான் தோத்திருந்தா, ஐயோ பாவம் பொண்டாட்டி புருஷனுக்கு விட்டுக் குடுத்துட்டான்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்களா? உங்க கையப் பிடிச்சு வாழ்த்தியிருப்பாங்க. நான் தோத்தா அது உங்க திறமை, நான் ஜெயிச்சா அது உங்க நல்ல மனசு. எனக்குன்னு எப்பத்தான் என்னா இருக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரவனெல்லையில் இறங்கி அடுத்த பஸ் மாறினோம். நான் பேச இருந்ததை எல்லாம் பேசிவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் படுத்துவிட்டேன். அவர் கடைப் பாணும் சம்பலும் வாங்கிவந்து தனியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் பஜாரில் வந்து இறங்கியபோது என் கோப்பை கடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஃபோன் கவர்களை ஒதுக்கிவிட்டு அதற்கு நடுவில் இடம் பண்ணி வைத்திருந்தார். பக்கத்து மருந்துக் கடை அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்க டீச்சர், தம்பி உங்களுக்குப் பெரிய பரிசுல்ல வாங்கிக் குடுத்திருக்காரு," என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. கேகாலையிலிருந்து இந்தக் கதை எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வந்துவிட்டது.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"இங்க இருக்கட்டுமே. நாலு பேரு பாக்கட்டும்னுதான் வச்சேன். பெருமைக்குத்தான்."

"யாரு பெருமைக்கு?"

"உன் பெருமைக்குத்தான்."

"அப்போ அந்த அண்ணன் சொன்னப்போ ஏன் சும்மா இருந்தீங்க?"

நான் கோப்பையை அரிசிச் சாக்குக்கு மேலே இருந்த தட்டில் வைத்தேன். அந்த வாரம் முழுவதும் நாங்கள் தேவைக்கு மட்டும் பேசினோம். உப்பு எங்கே, கரண்ட் போயிடுச்சு, தண்ணி வந்துடுச்சு, அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம்கூட அந்த வாரம் எரிந்து விழுந்தேன். பின்னம் தெரியாத ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்த்துப் பயந்து அழுதுவிட்டது. அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவு நிலையில் வந்து நின்றார். போவதும் இல்லை, உள்ளே வருவதும் இல்லை.

"அந்த யானைய நான் எடுக்காம இருந்திருந்தா?" என்றார்.

நான் நிமிரவில்லை. "எந்த யானை?"

"நீ குதிரைய அடிச்சியே. அத எடுக்காம, என் ராணியால முதல்ல ராஜா முன்னாடி இருந்த சிப்பாயக் காப்பாத்தியிருந்தா?"

அவர் எத்தனை நாள் அதை மண்டைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார் என்று குரலிலேயே தெரிந்தது. தோற்றவன் கேட்கும் கேள்வி அது. விட்டுக்கொடுத்தவன் அப்படிக் கேட்கமாட்டான்.

"அப்பவும் போயிருக்கும்," என்றேன். "என் குதிரை நடுச் சிப்பாய எடுத்திருக்கும். இன்னும் சீக்கிரமாப் போயிருக்கும்."

அவர் மனசுக்குள் நகர்த்திப் பார்த்தார். உதடு அசைந்தது. "ஆமால்ல," என்றார் கடைசியில். "எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழியில்ல அதுல."

"இப்ப இங்க வந்து என்கிட்ட சொல்றீங்களே. எனக்குத் தெரியாதா இது? நான்தானே ஆடினேன். கடையில போய்ச் சொல்லுங்க."

"கடையிலயா?"

"கடையிலதான். கேகாலையில அத்தனை பேர் முன்னாடி சொல்லியிருக்கணும். அது போச்சு. இங்கயாச்சும் சொல்லுங்க."

அவர் கடைப் பக்கம் போனார். நான் மீதி வெங்காயத்தை வெட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஜார் நாள். தோட்டங்களிலிருந்து சனம் இறங்கி வந்திருந்தது. கடையில் கூட்டம். நான் உள்ளேயிருந்து தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனபோது கண்ணாடிப் பெட்டி மேல் பலகை விரித்திருந்தது. மருந்துக் கடை அண்ணன் ஒரு பக்கம். தோட்டத்துப் பொடியன்கள் இரண்டு மூன்று பேர் ஃபோன் சரிபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தார்கள். என் கணவர் காய்களை அன்றைய ஆட்டத்தின்படி அடுக்கி வைத்திருந்தார். ஒரு காய்கூடத் தப்பாக இல்லை.

"இந்தா பாருங்கண்ணே," என்றார். "இங்க டீச்சர் இந்த யானையால என் குதிரைய அடிச்சாங்க. எடுத்தாலும் செத்தேன், எடுக்காட்டியும் செத்தேன். நான் இந்தப் பக்கம் மேட் வைக்க வந்தேன். ஒரு அடி பிந்திட்டேன்."

"அப்போ நீங்க விட்டுக் குடுக்கலயா தம்பி?"

"எங்கண்ணே விட? நான் உயிரக் குடுத்து விளையாடினேன். அடிச்சு நொறுக்கிட்டாங்க. அங்க வச்சு அதச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் உண்மை."

மருந்துக் கடை அண்ணன் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு இந்த விளையாட்டு வெளங்காது டீச்சர்," என்றார். "மன்னிச்சுக்குங்க."

நான் தேத்தண்ணியைப் பெட்டி மேல் வைத்தேன். என் கோபம் அப்போதே கரைந்துபோனது என்று எழுதினால் பொய். அவர் வாயால் சொன்ன பிறகுதான் என் ஜெயம் மருந்துக் கடை அண்ணனுக்கு ஜெயமாயிற்று. நான் மைக்கில் சொன்னபோது அது வெறும் வீட்டுச் சண்டை. அந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்கும் வலித்தது, இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அவர் சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

கடை ஓய்ந்த பிறகு அவர் பலகையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவ இப்படி ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"என்கிட்ட கேளுங்க," என்றேன். "ட்ரோ வேணாம்னுதான் சொல்லுவேன். ஆனாலும் கேளுங்க."

"சரி."

வாசலில் ஒரு பெண் ரீலோட் போட வந்து நின்றாள். அவரே எழுந்து போனார்.